அட்டைப்பெட்டிப் பள்ளிக்கூடம்

இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா என்று கேட்பவர்கள் எங்கள் ஜி பிளாக்கின் எட்டாவது மாடி வரைக்கும் படியேறி வந்து கேட்கட்டும், ஏறி முடித்தபிறகும் கேட்க மூச்சு மிச்சமிருந்தால் நாங்களும் பதில் சொல்கிறோம். எங்கள் இடத்தின் பெயர் புத்தொளி நகர். பெயர் வைத்தவர்கள் தெருவிளக்கு வைக்க மறந்துவிட்டார்கள். நகரத்துக்கு நடுவே கால்வாய் ஓரம் குடியிருந்த எங்கள் வீடுகளை இடித்து, எங்களை லாரிகளில் ஏற்றி, நகரம் முடிந்து சதுப்பு தொடங்குகிற இந்த இடத்தில் கொண்டுவந்து கொட்டியபோது, தண்ணீர் வரும் என்றார்கள், பஸ் வரும் என்றார்கள், லிப்ட் ஓடும் என்றார்கள், பள்ளிக்கூடம் திறக்கும் என்றார்கள். பள்ளிக்கூடத்தைக் கட்டவும் கட்டினார்கள், பாவம், பொய் சொல்லக் கூடாது. மஞ்சள் பெயின்ட் அடித்து, சுவரெல்லாம் பட்டாம்பூச்சி வரைந்து, கடைசியில் கதவில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டுப் போனார்கள். ஏன் என்று கேட்டால், இங்கே பள்ளி வயதுப் பிள்ளைகளே கிடையாது என்று கணக்கெடுப்பில் வந்திருக்கிறது, பிள்ளைகள் இல்லாத இடத்துக்கு டீச்சர் எதற்கு என்றார்கள். கணக்கெடுக்க வந்த புண்ணியவான்கள் நாங்கள் குடிவருவதற்கு முந்தின வாரமே வந்து, காலி வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தேசம்மாவின் மகள் தன்ஷிகாவுக்கு அப்போது ஐந்து வயது. எட்டாவது மாடி ஜன்னலில் நின்றால், மதில்சுவருக்கு அந்தப் பக்கத்து அபார்ட்மென்ட் வாசலில் காலையில் ஸ்கூல் வேன் வந்து நிற்பதும், டை கட்டிய பிள்ளைகள் ஏறுவதும், வேன் புறப்பட்டுப் போவதும் தெரியும். வேன் கண்ணில் இருந்து மறைந்த நொடியில் தன்ஷிகா அழ ஆரம்பிப்பாள். அந்த அழுகை எட்டு மாடியும் இறங்கும். ஹைவேக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கத்தான் இருந்தது, ஆனால் துணி தேய்க்கும் பவுனுவின் மகன் சரண்குமார் அந்த ஹைவேயைத் தாண்டப் போய் லாரியில் அடிபட்டுச் செத்த நாளிலிருந்து எங்களில் யாரும் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்புவதில்லை. தேசம்மாவின் புருஷன் இந்த மாடிப்படிகளைப் பார்த்துவிட்டு, பழைய ஏரியாவில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று போனவன், போனவன்தான். அவள் ஒரு தனியார் பள்ளியில் வகுப்பறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அடுத்தவர் பிள்ளைகளின் பெஞ்சைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து இந்த அழுகையைக் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பள்ளிக்கூடம் இவள உள்ள விடலன்னா போவட்டும், பள்ளிக்கூடத்த நான் வூட்டுக்கு இட்டாறேன்" என்று மாடிக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மளிகைக் கடையிலிருந்து பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. யாரோ தூக்கிப்போட்ட அலமாரிக் கதவு ஒன்று வந்தது, அதில் மதில்சுவரில் படர்ந்திருந்த கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து இடித்து அழுத்தித் தேய்த்ததும் அது கரும்பலகை ஆனது. வேலை செய்கிற பள்ளியில் குப்பைக்குப் போன சாக்பீஸ் துண்டுகளை அவள் பல நாளாகச் சேர்த்து வைத்திருந்தாள், அவை வந்தன. பழைய சாக்ஸில் கந்தலை அடைத்துத் தைத்தது டஸ்டர். கம்பியை வளைத்துக் கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி. கிழிந்த துப்பட்டாவில் ஒரு குட்டிப் புடவை. பழைய காலண்டர் தாள்களின் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பித் தைத்து ஒரு அட்டெண்டன்ஸ். "பிரம்பு?" என்று தன்ஷிகா கேட்டாள். "பிரம்பு கெடையாது. வூடு இடிச்ச அன்னிக்கே நம்ம ஆளுங்க நெறைய வாங்கிட்டாங்க" என்று தேசம்மா முடித்துவிட்டாள்.

மணிதான் பாக்கி. வீட்டில் தண்ணீர் டிரம்மின் மூடி காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு சாண் நீளத் தண்டவாளத் துண்டை வைத்திருந்தாள். கால்வாய் ஓரத்துப் பழைய பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது அது. வீடுகளோடு பள்ளிக்கூடத்தையும் சேர்த்து இடித்த அன்று, ஆளாளுக்குப் பாத்திரம் பண்டம் என்று பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அவசரத்தில் இவள் கைக்கு அகப்பட்டது அந்த இரும்புதான். இரும்புதானே, டிரம்முக்கு வேறு கல் தேடிக்கொள்ளலாம் என்று அதைக் கயிற்றில் கட்டி மாடி நடையின் கம்பியில் தொங்கவிட்டு, தட்டுவதற்கு ஒரு போல்ட்டையும் பெட்டியில் போட்டாள்.

தன்ஷிகா புடவையைச் சுற்றிக்கொண்டு மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். மணியைத் தட்டினாள். மாணவர்கள் என்று அப்போது அங்கே வேறு யாரும் இல்லாததால் நடையில் இருந்த சாமான்களைப் பார்த்து அட்டெண்டன்ஸ் எடுத்தாள். "பக்கெட்டு!" என்றாள். "உள்ளேன் டீச்சர்" என்றது பக்கெட். "டிரம்மு!" என்றாள். "உள்ளேன் டீச்சர்" என்று வயிற்றிலிருந்து பேசியது டிரம். அடுத்த வீட்டு வாசலில் இருந்த பவுனுவின் இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் கரகரத்த குரலில் பதில் சொன்னது. உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த தேசம்மா எட்டிப் பார்த்து, "சத்தம் போடாம ஆடுங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக் கஞ்சியைக் கவனித்தாள்.

சிக்கல் அன்று சாயங்காலம் தெரிந்தது. பவுனு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கப் போனால் அது அசையவில்லை. டிரம் அசையவில்லை. பக்கெட்டைத் தூக்க மூன்று பேர் சேர்ந்து பிடித்தும் முடியவில்லை. "டீச்சர், என் பொட்டிய வுடு, நாலு வூட்டுத் துணி கெடக்குது" என்று பவுனு கெஞ்ச, "கிளாஸ் நடக்குது" என்றாள் தன்ஷிகா. அப்போதுதான் தேசம்மாவுக்கு உறைத்தது. வேன் போவதை மட்டும்தான் குழந்தை பார்த்திருக்கிறாள். வேன் திரும்பி வருகிற நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் என்று ஒன்று தொடங்கினால் அது முடியவும் செய்யும் என்பதே அவளுக்குத் தெரியாது.

"சாயங்காலம் மணி அடிச்சி எல்லாரையும் வூட்டுக்கு வுட்ருவாங்கடி" என்றாள் தேசம்மா.

"ஏன்?"

"ஏன்னா... நாளைக்கும் வரணுமில்ல, அதுக்குத்தான்."

அது டீச்சருக்கு நியாயமாகப் பட்டது. மணியைத் தட்டினாள், பக்கெட் பக்கெட்டானது, பவுனு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அதற்கப்புறம் எங்களுக்கு அது பழகிவிட்டது. இங்கே குழாயில் தண்ணீர் வந்தால்தான் அதிசயம், பக்கெட் பேசுவதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். வேண்டிய சாமானை டீச்சரின் கண்ணில் படாமல் மறைத்து வைக்கப் பழகினோம், அவசரத்துக்கு வேண்டாததை வாசலில் வைத்துப் படிக்க விட்டோம். குடிவந்த நாளிலிருந்து ஒரு அடிகூட நகராத லிப்டை ஒருநாள் தன்ஷிகா பெயர் சொல்லி அழைத்ததும், அது கீழேயிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று இரைக்க இரைக்கச் சொல்லிக்கொண்டே எட்டு மாடி ஏறி வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து காலையில் அது வகுப்புக்கு ஏறிவரும்போது சிலிண்டரும் அரிசி மூட்டையும் முழங்கால் வலிக்காரர்களும் கூடவே ஏறிவந்தார்கள், சாயங்கால மணி அடித்ததும் எல்லோரும் அதிலேயே இறங்கிப் போனார்கள். அம்மன் கோயில் பூசாரி இது ஆத்தா வேலை என்றார், பிரேயர் ஹால் பாஸ்டர் கர்த்தர் வேலை என்றார், இருவரையும் டீச்சர் சேர்ந்தாற்போல் வெளியே நிற்க வைத்தாள். "ஒன் புருஷன் பேரையும் கூப்பிடச் சொல்லேன் தேசம், எங்க இருந்தாலும் வந்து குந்திருவான்" என்று யாரோ யோசனை சொன்னபோது, "கட்டிப்போட்டு வெச்சிக்கிற ஆம்பள எனக்கு வாணாம்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

பவுனு மட்டும் ஒருநாள் துணியெல்லாம் தேய்த்து முடித்துவிட்டு, தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்று, "சரண்குமார்னு ஒரு தபா கூப்புடு கண்ணு" என்றாள். தன்ஷிகா கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். படிக்கட்டில் காற்றுதான் வந்தது. "ஆப்சென்ட்" என்று காலண்டர் தாளில் ஒரு கோடு இழுத்துவிட்டு, "லீவு லெட்டர் கொண்டாரச் சொல்லு" என்றாள். பவுனு சிரித்தாள், சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள், நாங்களும் அழுதோம்.

பூட்டிய பள்ளிக்கூடத்தை ஒரு கான்ட்ராக்டருக்கு பைப் வைக்கிற குடோனாகக் கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி அந்த மாதம்தான் வந்தது. குடோனாகிவிட்டால் முடிந்தது கதை, பிறகு எந்தக் காலத்திலும் அது பள்ளிக்கூடம் ஆகாது, தன்ஷிகாவும் அவள் வயதுப் பிள்ளைகளும் பக்கெட்டோடு படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தேசம்மா எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு மனு கொடுத்துப் பார்த்தாள், வாசலில் நின்று பார்த்தாள், கத்திப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு காலையில் பரந்தாமன் என்கிற அதிகாரி பள்ளிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கான்ட்ராக்டரையும் அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஜி பிளாக்கைத் தாண்டும்போது லிப்ட் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டார். "லிப்ட் ஓடலன்னு வாரம் ஒரு புகார் குடுக்குறானுங்க, பாருங்க சார், எப்படி ஓடுதுன்னு" என்று கான்ட்ராக்டரையும் இழுத்துக்கொண்டு உள்ளே ஏறினார். வகுப்புக்கு நேரமாகியிருந்ததால் லிப்ட் வழியில் எங்கேயும் நிற்காமல் நேரே எட்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தது.

கம்பி மூக்குக்கண்ணாடியும் குட்டிப் புடவையுமாக நின்ற டீச்சரைப் பார்த்ததும் பரந்தாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டோம், குழந்தையைப் பார்த்தால் சிரிக்கிறவர்தான்.

"லேட்டா வந்தா வெளிய நிக்கணும். பேர் இன்னா?" என்றாள் தன்ஷிகா.

"பரந்தாமன், மிஸ்" என்றார் அவர், கைகட்டி, கான்ட்ராக்டரைப் பார்த்துக் கண்ணடித்து.

"பரந்தாமன்!"

"உள்ளேன் டீச்சர்" என்றது அவர் வாய். அவருடைய கால்கள் மடிந்தன. டிரம்முக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கான்ட்ராக்டர் தன் பெயரை யாரும் கேட்பதற்குள் எட்டு மாடியும் படியில் இறங்கி ஓடிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்தார், படியேறி வந்ததால் கோபம் மூச்சு வாங்கியது. பரந்தாமனைத் தூக்கிப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள். "மணி அடிச்சாத்தான் சார் வுடுவாங்க" என்று பவுனு மரியாதையாக விளக்கினாள். இன்ஸ்பெக்டர் போல்ட்டைப் பிடுங்கி தண்டவாளத்தை டங்டங்கென்று அடித்தார். பக்கத்துப் பிளாக்கில் நாய் குரைத்தது, வேறொன்றும் நடக்கவில்லை. "டீச்சர் அடிச்சாத்தான் சார்" என்றாள் பவுனு.

அவர் தேசம்மாவிடம் திரும்பினார். "உன் பொண்ணு கிட்ட சொல்லி அடிக்கச் சொல்லு. இல்லன்னா உன் வீட்டு ஒதுக்கீட்டை இன்னிக்கே ரத்து பண்ணிடுவாங்க. மரியாதையா சொல்றேன்."

இந்த மாதிரி நேரத்தில் கும்பிடு போட்டுவிடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். தேசம்மா கும்பிடவில்லை. "ஒரு வூட்ட இடிச்சி இங்க கொண்டாந்து போட்டீங்க. இத்தயும் புடுங்கினா புடுங்கிக்குங்க சார், தெருவுல குந்திக்கிறோம். ஆனா கிளாஸு நடக்கும்போது டீச்சர் கிட்ட அத்தச் செய் இத்தச் செய்னு சொல்றதுக்கு நான் யாரு? நான் சும்மா பெத்தவதான்."

பிறகு மகளின் பக்கம் திரும்பி, "டீச்சர், இங்க எடம் பத்தல" என்றாள்.

தன்ஷிகா சுற்றிலும் பார்த்தாள். பத்தவில்லைதான். "எல்லாரும் லைன்ல வாங்க. வாய் மேல வெரல்" என்றாள். பரந்தாமன் எழுந்தார், டீச்சர் சொன்னதால் எழ முடிந்தது. உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு, எட்டு மாடியும் இறங்கி, பிளாக்குகளுக்கு நடுவே வெயிலில் நடந்தார். நாங்கள் தண்டவாளத் துண்டையும் கரும்பலகையையும் அட்டைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். ஏ பிளாக்கிலிருந்தும் எம் பிளாக்கிலிருந்தும் பிள்ளைகள் இறங்கி ஓடிவந்தார்கள். பூட்டிய பள்ளியின் வாசல் மண்ணில் வகுப்பு உட்கார்ந்தது.

போலீஸ் வேன்கள் வந்தன. வேன் வந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கால்வாய் ஓரத்தில் எங்களை முடியைப் பிடித்து இழுத்தார்கள், இடுப்பில் பிள்ளையோடு இழுத்தார்கள், கிடைத்ததைப் பிடித்து இழுத்து லாரியில் போட்டார்கள், நாங்களும் பஞ்சு மூட்டை மாதிரி எழுந்து வந்துவிட்டோம். இன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்து அவர்கள் வேனிலிருந்து குதித்தார்கள். பவுனு முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்து, "என் பேரக் கூப்புடு மிஸ்" என்றாள்.

"பவுனு!"

"உள்ளேன் டீச்சர்!"

நான்கு பெண் போலீஸ் சேர்ந்து அவளைத் தூக்கினார்கள். ஒரு வேளை சோறும் ஒழுங்காகத் தின்னாத அந்த நோஞ்சான் உடம்பு ஒரு அங்குலம் எழும்பவில்லை. அவ்வளவுதான், நாங்கள் முண்டியடித்தோம். என் பேரு என் பேரு என்று பூசாரி உட்கார்ந்தார், பாஸ்டர் உட்கார்ந்தார், சிலிண்டர்க்காரர் உட்கார்ந்தார், கைக்குழந்தையின் பெயரை அதன் தாய் சொல்ல அது தன் மழலையில் பதில் சொல்லிவிட்டு மடியில் கனத்தது. டீச்சர் தொண்டை கட்டும் வரைக்கும் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது, வாழ்நாளில் யாருக்கும் இவ்வளவு உரக்க நாங்கள் பதில் சொன்னதில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிழலுக்குப் போனார்.

"அந்தச் சாவிய குடுத்துட்டா மணி அடிக்கச் சொல்லிக் கேக்கலாம் சார்" என்று தேசம்மா பரந்தாமனுக்கு மோர் கொடுத்துக்கொண்டே சொன்னாள். "மேலிடத்து உத்தரவு இல்லாம முடியாதும்மா, என் வேலை போயிடும்" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். அந்த மேலிடமே போனில் வந்தது. போன் வந்தால் எழுந்து நின்று பேசச் சொன்னாள் டீச்சர். அவர் எழுந்தார். பள்ளி வயதுப் பிள்ளைகளே இல்லாத இடத்தில் என்னய்யா கலாட்டா என்று அந்தப் பக்கம் கத்தியது எங்களுக்கே கேட்டது.

பரந்தாமன் சுற்றிலும் பார்த்தார். முதல் வரிசையில் சளி ஒழுகும் மூக்கோடு, வாய்மேல் விரலோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். கடைசி வரிசை எங்கே முடிகிறது என்று எக்கிப் பார்த்தார்.

"இருக்காங்க சார்" என்றார். "நெறைய இருக்காங்க. கணக்கு தப்பு சார். நானும் அவங்களோடதான் உக்காந்திருக்கேன்."

டிவிக்காரர்கள் ஹைவேயிலிருந்து எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள் என்று மேலிடத்துக்கும் சேதி போயிருக்கும், அல்லது நல்ல புத்தி வந்திருக்கும், எது என்று நாங்கள் ஆராயப் போகவில்லை. "திறந்து தொலைங்க" என்றது போன்.

கதவைத் திறந்ததும் உள்ளே புது பெயின்ட் வாசனையும் பல்லி எச்சமும்தான். டீச்சர் மணி அடித்தாள். எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வாசல்வரை போன பரந்தாமன் திரும்பி வந்து, "மிஸ், நாளைக்கும் வரணுமா?" என்று கேட்டார். வரணும் என்றாள். அவர் வரவில்லை, ஆனால் டீச்சர் நியமன உத்தரவை அவர்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கினார் என்று கேள்விப்பட்டோம்.

அரசாங்கம் அனுப்பிய டீச்சர் ஒரு திங்கட்கிழமை வந்தார். நடுத்தர வயது, தோளில் பை, செருப்பெல்லாம் சதுப்புச் சேறு. இங்கே எது வந்தாலும் தங்காது என்பது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி. டாக்டர் வந்து டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு போனார், பஸ் வந்து ரூட் மாற்றிக்கொண்டு போனது. அதனால் யாரும் கைதட்டவில்லை, வாசலிலும் ஜன்னல்களிலும் கும்பலாக நின்று வேடிக்கை பார்த்தோம். தன்ஷிகா புடவையும் மூக்குக்கண்ணாடியுமாக வகுப்பு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க பேர் இன்னா?"

அவரும் எல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார், முகத்தில் தெரிந்தது. பெயரைச் சொன்னால் கூப்பிடுவாள், கூப்பிட்டால் உட்கார வேண்டும், மணி அடிக்கிற வரைக்கும் எங்கேயும் போக முடியாது. அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தார்.

"மரகதவல்லி. நல்லா சத்தமா கூப்பிடு" என்றார்.

தன்ஷிகா கூப்பிடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், கையிலிருந்த சாக்பீஸை அவர் கையில் வைத்தாள், உள்ளே போய் முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நீங்க கூப்புடுங்க மிஸ். எல்லார் பேரையும் நான் கூப்ட்டேன். என் பேர யாருமே கூப்புடல."

அது எங்கள் ஒருவருக்கும் தோன்றவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. மரகதவல்லி டீச்சர் அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கரும்பலகைப் பக்கம் போய் நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டார்.

"தன்ஷிகா!"

"உள்ளேன் டீச்சர்!"

மதில்சுவருக்கு அந்தப் பக்கத்து அபார்ட்மென்ட்டில் ஆட்கள் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். "அம்மாடி, மெதுவா, காது போச்சு" என்று டீச்சர் சிரித்தார். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற தேசம்மா உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"இன்னொரு தபா கூப்புடுங்க டீச்சர்."